வக்கடை, பெயர்ச்சொல்

முதலில் இப்படி எழுதினேன்:
வரம்பில் நீர் செல்வதற்கான துவாரம்.

அடித்தேன்.
நண்டு வளையும் துவாரம்தான்.
அதற்குள்ளும் நீர் போகிறது,
வட்டவிதானையைக் கேட்காமல்.

நீர்ப்பாசனச் சொல்லகராதி, நாலாம் வரைவு, வகர வரிசை.
சம்மாந்துறைக் கமநல சேவை நிலையத்தின் பின்னறை.
வெளியே சிறுபோகம், முறைத் தண்ணீர்,
முழங்கால் உயரத்தில் வெள்ளாமை.
உள்ளே நான், ஒரு பிளேன்ரீ,
குழு அனுப்பிய சுற்றுநிருபம்:
தலைச்சொல்லை விளக்கத்துக்குள் விடாதீர்.
விளங்காத சொல்லுக்கு விளங்காத சொல்லை முட்டுக் கொடுக்காதீர்.
இருபது சொல்லுக்குள் முடியுங்கள்.

கொழும்பிலிருந்து ஒருவர் ஓரத்தில் குறித்திருந்தார்:
'வயல்மட்ட நீர்விடுவாய்' என்று போடலாமே?
போடலாம்.
பிறகு அதற்கொரு அகராதி போடவேண்டும்.

இரண்டாவது:
வரம்பில் நீர் கடந்து செல்லும் இடைவெளி.
இது நன்றாக இருந்தது,
வியாழக்கிழமை வரை.

வியாழக்கிழமை மச்சான்மார் இருவர் வந்தார்கள்.
மேல்வயல் உதுமாலெவ்வை, கீழ்வயல் ஆதம்பாவா.
"ரெண்டு பேக் யூரியா எறிஞ்ச அடுத்த நாள்
தண்ணியோட எல்லாம் இவர்ர வயலுக்குள்ள.
வரம்ப உடைச்சிருக்கார்."
"உடைக்கல்ல. அது வக்கடை."
"உடைப்பு."
"வக்கடை."
உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார்.
"தங்கச்சிதானே அர்த்தம் எழுதுறவ. வாசிங்க."

வாசித்தேன்.
'இடைவெளி' என்றதும் உதுமாலெவ்வை தலையாட்டினார்.
ஆதம்பாவாவும் தலையாட்டினார்.
என் விளக்கத்தில் இருவரும் வென்று
ஒரே மோட்டார் சைக்கிளில்
சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள்.

அடுத்த நாள் வயலுக்குப் போனேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
நாலு வரம்பு தாண்டி.
வழியில் உண்மையான உடைப்பு ஒன்று இருந்தது:
விளிம்பு கரைந்து, வட்டமாய்,
கீழே மண் விசிறிபோல் பரவி,
இரண்டு நாற்று அதற்குள் புதைந்து.

தகராறுக்குரிய இடம் வேறு.
இரு பக்கமும் மண்வெட்டியின் நேர்வெட்டு.
அருகே வரம்பின் மேல்
புல்லோடு பெயர்த்துவைத்த ஒரு மண்கட்டி,
திரும்ப வைத்தால் பொருந்தும் அளவில்.
அதைத் தூக்கப் பார்த்தேன்.
வரவில்லை.
கட்டியின் புல் வரம்புக்குள் வேர் இறக்கியிருந்தது.

மேல்வயல் பக்கத்திலிருந்துதான் வெட்டு விழுந்திருந்தது.
வெட்டியவரே மூட மறந்து
அதன் மேலேயே யூரியா எறிந்திருக்கிறார்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
அகராதிக்கு ஆள் பெயர் தேவையில்லை.

மூன்றாவது:
வாய்க்காலிலிருந்து வயலுக்கோ வயலிலிருந்து வயலுக்கோ
நீர் விடவென வரம்பை வெட்டி அமைத்த,
வேண்டும்போது மண்ணிட்டு மூடக்கூடிய வழி.

பதின்மூன்று சொல்.
பொறியியலாளர் கோகுலரமணன் போனில் கேட்டார்:
"மூடாமல் விட்டால் அது வக்கடை இல்லையா?"
"'மூடப்படும்' என்று நான் எழுதவில்லை, சேர்.
'மூடக்கூடிய.'
மறதிக்கும் அதற்குள் இடம் இருக்கிறது."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "சரி, விடுங்கோ" என்றார்.

அன்றிரவு வீட்டில், பச்சைப் பேனையால்
'வக்கடை'யின் கீழ் எழுதினேன்: ஒப்புநோக்குக, உடைப்பு.
எழுதியதால் பார்க்கவேண்டி வந்தது.
உகரக் கோப்பைத் திறந்தேன்.

உடைப்பு: வரம்பில் தானாக ஏற்படும் வக்கடை.

என் பதின்மூன்று சொல்லையும் எடுத்து
அந்தக் கடைசிச் சொல்லின் இடத்தில் வைத்துப் பார்த்தேன்.
தானாக ஏற்படும், வெட்டி அமைத்த வழி.

உகரம் முடிந்ததென்று
போன மாதமே ஐந்து பேர் ஒப்பமிட்டோம்.
மூன்றாவது ஒப்பம் என்னுடையது,
மிகத் தெளிவாக இருந்தது.